பன்னிரண்டு சுற்று

ஏழாம் வாட்டில் பிடி போட்டுச் சுற்றுகிற கட்டில்கள் ஆறு.
பிடி ஒன்றே ஒன்று.
மற்ற ஐந்தும் எங்கே போயின என்று
சாமான் புத்தகத்துக்கும் தெரியாது.
எண்ணெய் விடுகிறவன் நான், ஆகவே
பகலில் அது என் இடுப்பில்,
இரவில் கதவடி ஆணியில்.
மிஸ்மார் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.
"பிடி, இங்க வா."

கட்டில் என்றால் படுக்க என்றுதான்
சீனன்குடா மாவாலையில் வெல்டிங்கை விட்டுவந்த நாளில்
நானும் நினைத்திருந்தேன்.

எட்டாம் வாட்டில் பாலையூற்றுச் செபமாலை,
தொடையெலும்பு இரண்டு துண்டு.
கட்டிலுக்கு மேலே சட்டம், சட்டத்தில் கப்பி,
கப்பியில் கயிறு, கயிற்று நுனியில் நாலு கிலோ.
கால்மாட்டை இரண்டு செங்கல்லில் ஏற்றினேன்.
இல்லாவிட்டால் நிறை காலை விட்டுவிட்டு
ஆளையே இழுத்துக்கொண்டு கீழே வரும்.
"பாய்மரம் கட்டியாச்சு, காத்து எப்ப?" என்றான்.
ஆறு கிழமைக்கு இல்லை என்றேன்.

பிரசவக் கட்டில் நடுவில் கழன்று பாதியாகும்.
கீழ்ப்பாதி உள்ளே போகும் இரும்புச் சத்தத்துக்கு
வெளிவாங்கில் இருக்கும் ஆண்கள்
ஒருவர் மிச்சமில்லாமல் எழும்பிவிடுவார்கள்.

சேருநுவரச் சோமவதிக்குத் தானாகத் திரும்ப ஏலாது.
அவளுக்குக் காற்று மெத்தை: ஒரு வரி ஊதும்போது
பக்கத்து வரி வாடும், பிறகு மாறும்,
எலும்பு ஒரே இடத்தில் குந்தித் தோலைத் தின்னாதபடி.
அவளுக்குத் தமிழ் வராது, என் சிங்களம் அரைகுறை.
மெத்தையின் மோட்டார் மட்டும்
இரண்டும் இல்லாத ஒன்றில் விடிய விடியப் பேசும்.

அதிதீவிரப் பிரிவுக் கட்டில்களுக்கு மின்சாரம்.
பொத்தானை அமத்த நிமிரும்.
அந்தப் பக்கம் நான் அதிகம் போவதில்லை.

ஏழாம் வாட்டு, மூன்றாம் கட்டில்:
கிண்ணியா உதுமாலெவ்வை, நெஞ்செல்லாம் நீர்.
படுக்கவைத்தால் மூழ்குவார்.
பன்னிரண்டு சுற்றுச் சுற்றினால் மூச்சு வரும்.
பதினொன்றில் புரி இறுகும், முழங்கால் கொடுத்து
அமத்தவேணும்.
மனைவி பளீலா பக்கத்தில் நின்று
தஸ்பீஹ் எண்ணுகிற விரலால் எண்ணுவாள்.

ஓரிரவு புதுப் பொடியன் ஒருத்தன்
துணி மாற்றக் கட்டிலைத் தாழ்த்திவிட்டு
உயர்த்த மறந்து தேத்தண்ணி குடிக்கப் போனான்.
அடுத்த நாள் காலை ஆணியில் பிடி இல்லை.

தேடாத இடமில்லை.
விளக்கக் கடிதம் கேட்டார் சிஸ்டர்.
ஐந்தாம் கட்டில் மனிசன் இரண்டு இரவு
இருந்தபடியே தூங்கி, கழுத்துப் பிடித்து,
என் பரம்பரையையே திட்டினார்.
உதுமாலெவ்வை மட்டும் சரியாகப் பன்னிரண்டில்.

மூன்றாம் நாள், சுபஹுக்குக் கொஞ்சம் முந்தி,
அவரும் இருந்தபடியே போனார்,
முகம் கடற்பக்க ஜன்னலுக்கு.
தட்டையாக்குங்கோ, விறைக்கமுதல், என்றார் மிஸ்.
எதைக்கொண்டு?

பளீலா சுருட்டிவைத்த தொழுகைப் பாயை விரித்தாள்.
உள்ளே பிடி.
அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.
கையை நீட்டினேன், தரவில்லை.
குனிந்து கால்மாட்டில் மாட்டி
தானே சுற்றினாள், மறுபக்கமாக.
முதல் சுற்றை அடுத்துப் புரி இறுகியது.
அறியாமல் ஓரடி வைத்தேன்.
"விடுங்க" என்றாள்.
முழங்காலைக் கொடுத்து அமத்தினாள்,
நான் அமத்துகிற அதே இடத்தில்.
இந்தமுறை விரல்கள் எண்ணவில்லை.
எண்ணியது நான்.

கடிதத்தில் எழுதினேன்:
பிடி எண்ணெய்த் தகரத்துக்குப் பின்னால் கிடந்தது.
சிஸ்டர் வாசித்தார், என்னைப் பார்த்தார், கோவையில் போட்டார்.

பத்து மணிக்கு அதே கட்டிலுக்கு
மூதூர்ப் பெடியன் ஒருவன், டெங்கு.
தட்டையாகவே கிடக்கலாம், சுற்றத் தேவையில்லை.
மத்தியானம் கையைக் காட்டிக் கூப்பிட்டான்.
மதிலோரம் மான்கள் வந்து
யாரோ வீசிய சோற்றுப் பார்சலைக் கிழிக்கின்றனவாம்,
சத்தம் கேட்குது, தெரியேல்ல.

மான் தெரிய நாலு சுற்று.
எந்தத் துண்டிலும் எழுதியிருக்கவில்லை,
சுற்றினேன்.